ஃப்ரிட்ஜில் ஆமை, வாசலில் பனி

ஜெர்மனியில் விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள், வீட்டையும் பிராணியையும் பார்த்துக்கொள்ள வருபவருக்காகச் சமையலறை மேசையில் விட்டுப்போகும் குறிப்புகளைத் தொகுத்தால் நல்ல நகைச்சுவைப் புத்தகம் ஒன்று தேறும். பூனை தண்ணீர் குடிக்கும்போது யாரும் அதைப் பார்க்கக் கூடாது. நாய் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் தரையில். கிளிக்குக் காலை வணக்கம் சொன்ன பிறகே கூண்டுத் துணியை விலக்க வேண்டும். ஞாயிறு இரவு எட்டேகாலுக்குத் துப்பறியும் தொடர் ஆரம்பித்ததும் நாயைச் சோபாவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வாரா வாரம் அது தவறவிடுவதில்லையாம். இங்கே தமிழ் மாணவர்கள் கூடிச் சமைக்கும் வார இறுதிகளில் இவற்றை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிச் சிரிப்பது நான் வந்த காலத்திலிருந்தே உண்டு. சிரிக்கத் தகுந்தவைதான். ஆனால் அநியாயமானவையா என்று கேட்டால், இத்தனை வருடமாக இந்தப் பட்டியல்களைக் கேட்டும் பார்த்தும் வந்ததில் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் வேறு. விசித்திரமாகத் தெரியும் வேண்டுகோள்களில் பாதிக்கு மேல் நியாயமானவை. அநியாயம் அதே காகிதத்தில், யாரும் சிரிக்காத வரிகளில் இருக்கிறது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய வீடுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பூனைகளும் ஒரு கோடிக்கு மேல் நாய்களும் வளர்கின்றன. ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்பது சட்டம். பல நிறுவனங்களில் அது 30 வேலைநாள். ஜெர்மானியர் விடுப்பை விட்டுக்கொடுப்பதில்லை, எடுத்தால் பலர் ஊரில் இருப்பதும் இல்லை. பிராணிகளுக்கான விடுதிகள் உண்டு. நாய் அங்கே ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். பூனையை இடம் மாற்றினால் கட்டிலடியில் போய் ஒடுங்கிவிடும். ஆகவே ஆள்தான் வீட்டுக்கு வர வேண்டும். வருபவர் பல சமயம் ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர், இல்லாவிட்டால் மாணவர். 2022-23 கல்வியாண்டிலிருந்து இந்நாட்டு வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். ஜூலை நடுவில் வகுப்புகள் முடிந்தால் மறுபடி அக்டோபரில்தான். மியூனிக் போன்ற ஊரில் வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதே குதிரைக்கொம்பு. இந்த நிலையில், தோட்டம் வைத்த வீட்டில் மூன்று வாரம் காசில்லாமல் இருந்துகொள், பூனைக்கு மட்டும் சாப்பாடு வை என்றால் யார் மாட்டேன் என்பார்கள்?

விசித்திரத்தில் முதல் பரிசு ஆமைக்குத்தான். மத்தியதரைக்கடல் நாட்டு நில ஆமைகளை வளர்க்கும் ஜெர்மானியர் பலர், நவம்பர் முதல் மார்ச் வாக்கில் வரை அவற்றை ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நாம் தோசை மாவு வைக்கும் அதே ஃப்ரிட்ஜ். பழையது ஒன்றை நிலவறையில் இதற்கென்றே ஒதுக்கியிருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வெளியூர் போகிறவர் எழுதிவைக்கும் குறிப்பு இப்படி இருக்கும்: வெப்பநிலை 4 முதல் 6 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் பார். வாரம் ஒரு முறை கதவைத் திறந்து காற்றை மாற்று. பெட்டியிலுள்ள மண்ணும் சருகும் காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளி. ஆமையை எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையை நோட்டில் எழுது. எழுப்பிவிடாதே. படிக்கும் நமக்கு எழுதியவரின் மனநிலை மீதே சந்தேகம் வரும். ஆனால் அந்த ஆமைக்குக் குளிர்கால உறக்கம் பிறவிக் கடன். ஹீட்டர் எரியும் வீட்டுக்குள் அதற்கு உறக்கம் வராது. தோட்டத்தில் விட்டால் ஒரு வாரம் உறைபனி, மறு வாரம் வெயில் என்று ஜெர்மானியக் குளிர்காலம் படுத்தும் பாட்டில் பாதி உறக்கத்தில் விழித்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் தேய்ந்துபோகும். ஐந்து டிகிரியை அசையாமல் பிடித்துவைக்கும் சாதனம் வீட்டில் இது ஒன்றுதான். தராசுக்கும் காரணம் உண்டு. உறங்கப் போகும்போது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் ஆபத்து. 1,200 கிராம் ஆமை 1,080க்குக் கீழே இறங்கினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். உறங்கும் ஆமைக்கும் செத்த ஆமைக்கும் வெளிப்பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது. நோட்டில் ஏறும் அந்த எண்தான் சாட்சி.

பூனைக்காரர்களின் ஜன்னல் விவகாரமும் இந்த ரகம். ஜெர்மானிய ஜன்னலை முழுதாகவும் திறக்கலாம், மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும்படியும் திறக்கலாம். பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னல் திறந்து காற்றாட விட வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பவர்கள் உண்டு. பூனை வீட்டுக் குறிப்போ, ஜன்னலை எந்தக் காரணத்துக்காகவும் சாய்த்துத் திறக்காதே, முழுதாகத் திறப்பதானால் முதலில் பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்து என்று சிவப்பு மையில் சொல்லும். ஒரு ஜன்னலைத் திறக்க இத்தனை சடங்கா என்று தோன்றும். சாய்ந்த ஜன்னலின் இடுக்கு மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகியும் இருக்கும். அதன் வழியாக வெளியேறப் பார்க்கும் பூனை நடுவில் வழுக்கி இறங்கி இடுப்போடு சிக்கிக்கொள்ளும். திமிறத் திமிற இன்னும் கீழே இறங்கும். பின்னங்கால்களுக்கு ரத்தம் போவது நின்றுவிடும். இந்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட தட்டைப் படம் எடுத்து அனுப்பு என்பதும் பலர் நினைப்பதுபோல வெறும் செல்லம் இல்லை. பருத்த பூனை ஒன்று ஏக்கத்தில் சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். கினிப் பன்றிக்குத் தினமும் குடமிளகாய் நறுக்கி வை என்றால், மனிதரைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது என்பதுதான் காரணம். சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்சுலின் ஊசி போடு என்பதை மட்டும் நான் கொஞ்சம் தள்ளி வைப்பேன். கேட்பது நியாயம், ஆனால் முன்கூட்டிச் சொல்லி, ஊசி போடக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

இங்கே நம்மவர்களிடமிருந்து ஒரு மறுப்பு தவறாமல் வரும். ஊரில் நாயும் பூனையும் இல்லையா, மிச்சம் மீதி சோற்றைப் போட்டால் தின்றுவிட்டு வாசலில் கிடக்கும், திருப்பதி போகிறவர்கள் எதிர்வீட்டு அக்காவிடம் கொஞ்சம் பாத்துக்கங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டி ஏறுகிறார்கள், இதற்கு நாலு பக்கக் காகிதமா என்பார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருப்பதற்குக் காரணம் நம்முடைய எளிமை என்று நான் நம்பவில்லை. நம் ஊர் வாசல் நாய் ஒரு வீட்டின் நாய் இல்லை, தெருவின் நாய். ஒரு வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீடு, அதுவும் இல்லாவிட்டால் டீக்கடை. எதிர்வீட்டு அக்காவுக்கு அந்த நாயின் குணம், கடி, விரோதிகள் எல்லாம் பிறந்ததிலிருந்து தெரியும். ஜெர்மானிய நாய்க்குத் தெரு கிடையாது. கயிறு இல்லாமல் பல இடங்களில் வெளியே வரவே முடியாது. அதற்கு உரிமையாளர் உண்டு, காதருகே தோலடியில் பெரும்பாலும் ஒரு சில்லு உண்டு, நகராட்சிக்கு வரிகூட உண்டு. பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. மூன்றாம் மாடியில் இரண்டே இரண்டு மனிதர்களோடு வாழும் பிராணி அது. அந்த இருவரும் பெட்டியோடு கிளம்பினால் அதற்குத் தெரிந்த உலகமே கிளம்பிவிடுகிறது. எதிர்வீட்டு அக்கா பல வருடமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, நேற்று அறிமுகமான மாணவனுக்கு ஒரே மாலையில் சொல்லியாக வேண்டும். காகிதம் நீளாமல் என்ன செய்யும்? அக்காவிடம் சொன்ன ஒரு வார்த்தையில் எத்தனை நாய்கள் பட்டினி கிடந்தன என்ற கணக்கும் நம்மிடம் இல்லை.

எல்லா விசித்திரத்துக்கும் இப்படி மருத்துவக் காரணம் இருக்கிறது என்று நான் சாதிக்கப் போவதில்லை. சில வேண்டுகோள்கள் பிராணிக்காக அல்ல, விட்டுப் போகிறவரின் மனக்குறைக்காக. தினம் மாலை ஆறு மணிக்கு வீடியோ அழைப்பில் பூனையின் முகத்தைக் காட்ட வேண்டும் என்பார்கள். பூனை திரைக்கு முதுகைக் காட்டும், அதற்கு மறுநாள் விளக்கம் கேட்பார்கள். நாயிடம் ஜெர்மனில் மட்டும் பேசு என்பார்கள். தமிழில் செல்லம் கொஞ்சினாலும் வால் ஆடத்தான் ஆடுகிறது. இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்துக்கொண்டே செய்துவிடலாம். செய்யவே கூடாத வேண்டுகோளும் ஒன்று உண்டு. ஆண்டின் கடைசி மூன்று நாள் பட்டாசு விற்பனைக்கு அனுமதி. டிசம்பர் 31 இரவில் நாடே அதிரும். பட்டாசுத் தடையுள்ள விமான நிலையங்களை ஒட்டிய ஓட்டல்களில் நாயோடு போய் அறை எடுத்து அந்த இரவைக் கழிப்பவர்கள் உண்டு; அதில் எனக்கு எந்த வேடிக்கையும் தெரியவில்லை. ஆனால் முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் சாராயமும் கலந்த ஐயர்லிக்கர் என்ற மதுவில் ஒரு கரண்டி கொடுத்தால் நாய் பயப்படாது என்றொரு பாட்டி வைத்தியம் இங்கே உலவுகிறது. கால்நடை மருத்துவர்கள் பலர் வேண்டாம் என்கிறார்கள். சாராயத்தை நாயின் உடம்பு தாங்காது. இந்த வரி காகிதத்தில் இருந்தால் மட்டும் அடித்துவிட்டு, திரையை இழுத்து மூடி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு நாயோடு உட்கார்ந்திருப்பதே சரி.

சட்டமே இவ்வளவு கவனிப்பைக் கேட்கிறதே, உரிமையாளரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்கிறதுதான். 1990 முதல் ஜெர்மானிய சிவில் சட்டத்தில் விலங்குகள் பொருட்கள் அல்ல. 2002இல் விலங்குப் பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே ஏறியது. வளர்ப்புப் பிராணியைக் கைவிட்டுப் போவது அபராதத்துக்குரிய குற்றம். ஆனால் அதே சட்டம் எங்கே நிறுத்திக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்டில் அன்றைய வேளாண் அமைச்சர் யூலியா க்ளோக்னர், நாயைத் தினம் இரண்டு தடவையாவது, மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று விதி கொண்டுவரப் பார்த்தார். நாடே சிரித்தது. மூட்டுவலி வந்த கிழ டாக்ஸ்ஹண்டுக்கும் இரண்டு வயது ஷெப்பர்டுக்கும் ஒரே கடிகாரமா, வாசலில் நின்று எண்ணப்போவது எந்தப் போலீஸ்காரர் என்று கேட்டார்கள். 2022 ஜனவரியில் திருத்தம் அமலுக்கு வந்தபோது நிமிடக் கணக்கு காணாமல் போயிருந்தது. போதுமான அளவு என்ற சொல்லே நின்றது. அரசால் எழுத முடியாததை எழுதக்கூடியவர் அந்த ஒரு நாயை அறிந்த உரிமையாளர் மட்டுமே. பட்டியல் எழுதும் உரிமையை இதனாலேயே நான் அவருக்குக் கொடுக்கிறேன். ஆனால் அந்த உரிமை நாயோடு முடிகிறது, வீட்டுக்கு நீள்வதில்லை.

நீட்டுகிறார்கள் என்பதுதான் என் புகார். நாயை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தனியாக விட வேண்டாம் என்று ஒரு வரி வரும். பணிவான வரி, யாரும் சிரிக்க மாட்டார்கள். அதை நாளின் மேல் பரப்பிப் பாருங்கள். நூலகம் போய்வர முடியாது, பகுதிநேர வேலைக்குப் போக முடியாது, நகரின் மறுகோடியில் இருக்கும் நண்பன் வீட்டில் சாப்பிட்டுத் திரும்ப முடியாது. கிளிக்குக் காலை வணக்கம் சொல்லச் சொன்னவர் கேட்டது ஐந்து நிமிடம். இவர் கேட்பது நாள் முழுவதும். அடுத்து, காலையில் வாசலைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி. பல ஊர்களில் வீட்டு முன் நடைபாதைப் பனியைக் காலை ஏழு மணிக்குள் தள்ளி, இரவு எட்டு வரை வழுக்காமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. வழுக்கி விழுந்தவர் வழக்குப் போடலாம். பனி கொட்டும் நாளில் ஒரு தடவை தள்ளினால் போதாது. ஸ்டுட்கார்ட் பக்கமானால் மாடிப்படியையும் நடைபாதையையும் முறை வைத்துப் பெருக்கும் வாரம் வேறு. முறை வந்த வீட்டுக் கதவில் பலகை வந்து தொங்கும். உரிமையாளர் விடுமுறைக்கு மயோர்காத் தீவில் இருப்பது பலகைக்குத் தெரியாது. நாலு நிறக் குப்பைத் தொட்டிகளில் எந்த நாளில் எதை வெளியே உருட்டுவது, பார்சல் வாங்குவது, புல் வெட்டுவது, குழாய் ரிப்பேர்காரருக்காகக் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை காத்திருப்பது என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்றுகூட பூனைக்குத் தேவையில்லை. பூனையின் பெயரைச் சொல்லி ஒரு வீட்டு வேலைக்காரரை நியமித்திருக்கிறார்கள்.

இதை வேலை என்று சொல்வது மிகை அல்ல. நாட்டின் உச்ச வரி நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2012இல் ஒரு தம்பதியர் தாங்கள் இல்லாத நாட்களில் வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, நாளுக்கு 12 யூரோ வீதம் அந்த ஆண்டில் 302.90 யூரோ கொடுத்தார்கள். வீட்டுப் பணிக்கான வரிச்சலுகை கேட்டபோது வரி அலுவலகம் மறுத்தது. மியூனிக்கில் உள்ள மத்திய நிதி நீதிமன்றம் 2015 செப்டம்பரில் தம்பதியர் பக்கம் நின்றது. தீனி வைப்பதும் ரோமம் கோதுவதும் சுத்தம் செய்வதும் வழக்கமாகக் குடும்பத்தார் செய்யும் வேலை. ஆகவே அது வீட்டுப் பணிதான் என்றது. அதே 2015இல் நாட்டில் முதன்முறையாக வந்த பொதுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.50 யூரோ, 2025இல் அது 12.82. பூனையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்கே அன்று ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூரோ என்றால், நாயோடு இருபத்திரண்டு மணி நேரம் உள்ளே இருந்து பனியும் தள்ளுவதற்கு என்ன கொடுக்க வேண்டும்?

தங்க இடம் கொடுத்தோமே, ஒப்புக்கொண்டுதானே வந்தார் என்பார்கள். இந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. மியூனிக்கில் மூன்று வாரத் தங்கல் சும்மா வரும் காரியமில்லை. ஆனால் ஒப்புக்கொண்டது எதற்கு? சம்மதம் கேட்பது ஒரு மாதம் முன்னால், போனில், பூனையின் அழகான படம் ஒன்றோடு. காகிதம் கைக்கு வருவது கிளம்பும் நாள் காலையில், டாக்ஸி வாசலில் நிற்கும்போது. உதவிதானே, இதில் என்ன கணக்கு என்று உரிமையாளர் தோளைத் தட்டலாம். உதவிக்கும் இங்கே கணக்கு உண்டு. அண்டை வீட்டுக்காரர் சிகிச்சைக்காக வெளியூர் போயிருந்தபோது அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்ட ஒருவர், ஹோஸ் பைப்பின் நுனியை மூடினார், குழாயை மூடவில்லை. இரவில் பைப் கழன்று தண்ணீர் வீட்டுக்குள் இறங்கி, சேதம் 11,000 யூரோவைத் தாண்டியது. உதவிக்குப் போனவர் என்பதால் மட்டும் பொறுப்பு நீங்கிவிடாது என்று 2016 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள மத்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரிடம் பொறுப்புக் காப்பீடு இருந்ததையும் குறிப்பிட்டது. நாயைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தமாக ஏற்றவர், தக்க கவனம் எடுத்ததைக் காட்ட முடியாவிட்டால் அது செய்யும் சேதத்துக்குப் பொறுப்பாவார் என்று சிவில் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆபத்தில் பங்கு கொடுப்பவர்கள் பட்டியலை முன்னாலேயே கொடுக்க வேண்டும். மாணவர்களுக்கு நான் சொல்வது: பிராணியைப் பார்த்துக்கொள்ளப் போவதற்கு முன் பொறுப்புக் காப்பீடு எடு. வருடத்துக்குச் சில பத்து யூரோதான்.

ஜெர்மானிய விலங்குப் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகக் கோடைக்குக் கோடை ஓர் இயக்கம் நடத்துகிறது: என் பிராணியை நீ வைத்துக்கொள், உன் பிராணியை நான் வைத்துக்கொள்கிறேன். காசில்லாத, பட்டியல்களைத் தானாகவே சுருக்கிவிடும் ஏற்பாடு. செப்டம்பரில் தனக்கும் அதே மாதிரி ஒரு காகிதம் வரும் என்று தெரிந்தவர் ஜூலையில் புல் வெட்டச் சொல்லி எழுத மாட்டார். ஆனால் மாணவனிடம் மாற்றிக்கொடுக்க நாயும் இல்லை, பூனையும் இல்லை. வாங்கும் பக்கத்திலேயே நிற்கிற அவனுக்குச் சம்மதம் சொல்லும் முன் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: பிராணி தொடர்ந்து எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், நடைபாதையை யார் பார்ப்பது. இரண்டுக்கும் ஒழுங்கான பதில் வந்துவிட்டால், கிளிக்குக் காலை வணக்கம் சொல்வதையும் ஆமையை நிறுப்பதையும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.